காலடிப்பேட்டைத் தெருவுக்கு என் நன்றி

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் என் வீட்டைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும், பிள்ளைகளை என்னிடம் வயலின் கற்க அனுப்பிய பெற்றோருக்கும் வணக்கம்.

போன மாதம் என் மாணவி ஒருத்தி வடிவுடையம்மன் கோயிலில் முதன்முறையாகத் தனிக் கச்சேரி வாசித்தாள். தியாகராஜ சுவாமிகள் இந்த ஊருக்கு வந்து அம்மன்மேல் பாடிய ஐந்து கிருதிகளில் கல்யாணி ராகத்தில் அமைந்ததை அவள் எடுத்தபோது, பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நாரை விரலில் சுற்றியபடியே வைத்துக்கொண்டு கேட்டார். கச்சேரி முடிந்ததும் எல்லாரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அதை நான் மட்டும் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. வீணைக்கு இருப்பதுபோல, விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக்கட்டைகள் வயலினுக்குக் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது பழக இரண்டு வருடமாவது ஆகும், அதுவரை கீச்சொலிதான். ஆறு பிள்ளைகள் சேர்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையை இழுப்பதை, ஒற்றைச் சுவருக்கு அப்பால் 28 வருடங்களாக அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மாமியார் படுக்கையில் கிடந்தபோது நானே வகுப்பை நிறுத்தினேன். மூன்றாம் நாள் வாசலுக்கு வந்து, "பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அத்தை கேட்கிறார்கள்" என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பெஞ்சின்மேல் வைத்திருந்த ஒன்பது வயலின்களும் நனைந்துவிட்டன. வயலின் பலகைகளை வச்சிரம் என்ற பசையைக் காய்ச்சித்தான் ஒட்டுவார்கள். தண்ணீரில் ஊறினால் அது இளகிவிடும். மேல்பலகை பெயர்ந்து தொங்கிய வயலின்களைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். "வெயிலில் மட்டும் வைத்துவிடாதே அம்மா, பலகை முறுக்கிக்கொள்ளும்" என்று மூன்று வாரம் நிழலிலேயே உலர்த்தினார். வச்சிரம் இளகியதே நல்லதாயிற்று, மரம் கிழியவில்லை என்றார். பிறகு ஒட்டி, வளைத்த கம்பியால் உள்ளே இருக்கும் குச்சியை நிமிர்த்தி நிறுத்தினார். தந்திக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை.

பெரம்பூரிலிருந்து ஞாயிறுதோறும் வந்து என் பிள்ளைகளுக்குத் தாளம் பழக்கிய மிருதங்க அண்ணாவையும் வணங்குகிறேன்.

நன்றாக வாசிக்கும் பிள்ளையை, சங்கீதத்துக்குப் பேர்போன மயிலாப்பூருக்கு அனுப்பிவிடுங்கள் என்று பலர் சொன்னதுண்டு. ஆனால் கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றது, அவர் குடும்பம் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்த காலத்தில்தான். வகுப்பில் இதைச் சொன்னால், மணலியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களை நம்பி இங்கேயே விட்டுவைத்த பெற்றோருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அன்று வாசித்த மாணவியின் அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஏழு வருடங்களாக வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நிற்பார். "கையெல்லாம் மீன்வாடை டீச்சர், பெட்டியைத் தொட மாட்டேன்" என்பார். எத்தனை முறை அழைத்தும் உள்ளே வந்ததில்லை. கச்சேரி முடிந்து மகள் வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நான் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, சன்னிதித் தெரு முழுவதும் அவரே சுமந்து வந்தார்.