மூலையில் பதுங்கும் குட்டியைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நாய்க்குட்டி தேர்ந்தெடுப்பது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு வந்திருந்ததைப் படித்தேன். எழுதியவர் பெயர் இல்லை. அதில் ஒரு வரி: "கை தட்டினால் ஓடிவரும் குட்டியைத் தேர்ந்தெடுங்கள், மூலையில் பதுங்கும் குட்டியைத் தவிர்த்துவிடுங்கள்." மூன்று நாளாக இந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நாலு புரட்டிப் பார்க்கிறோம். நாய்க்குட்டிக்கு ஒரு கைதட்டல் போதும் போலிருக்கிறது.

நான் அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், மூலையில் பதுங்கும் குட்டி ஒன்று என் முதுகுக்குப் பின்னால்தான் படுத்துக் கிடந்தது.

ஆனி மாதக் கடைசி, சாரல் விடாமல் அடித்த வாரம். எங்கள் செங்கோட்டையை ஒட்டி, எல்லையில் இருக்கும் புளியரையில் கேரளாவுக்குப் போகும் வைக்கோல் லாரிகள் வரிசைகட்டி நிற்குமே, அங்கே கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் நாலு குட்டிகள். பக்கத்துத் தெருப் பையன் சாக்குப் பையில் அள்ளிப்போட்டு பைக்கில் கொண்டுவந்தான். "நாலு நாள் வச்சிருங்க ஆச்சி, இடம் பாத்துருதேன்" என்றான். நாலு நாள் இப்போது நாலரை மாதம். இப்படி அடுத்த வீடு கிடைக்கும்வரை வைத்து வளர்ப்பதற்கு 'ஃபாஸ்டர்' என்று பேராம், மகள் சொல்கிறாள். எங்கள் தெருவில் அதற்குப் பேர் இளிச்சவாய்.

நாலில் ஒன்று பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து, ரத்தக் கழிச்சலாகப் போய், மூன்றாம் நாள் செத்தது. இரண்டு கடுவன்கள், நீங்கள் சொன்ன கைதட்டல் ரகம், ஒரே வாரத்தில் வீடு பார்த்துப் போய்விட்டன. மிஞ்சியது இந்தப் பெட்டை. 36 வருஷம் தபால் ஆபீஸில் கணக்கு எழுதிய கை, 'பாக்கி' என்று பேர் வைத்துவிட்டது. எங்க வீட்டு ஐயாவுக்கு அது பிடிக்காமல் 'பாக்கியம்' என்கிறார். குட்டி இரண்டுக்கும் திரும்பவில்லை. 'வா' என்றால் மட்டும் ஒரு காது லேசாக அசையும். லாரிக்காரர்களில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. 'வா' இரண்டிலும் 'வா'தானே.

முதல் இரண்டு வாரம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் இடையில்தான் குடியிருப்பு. கிட்டே போனால் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரிய ஓரமாகப் பார்க்கும். தூக்கம் போல என்று நினைத்தேன். கால்நடை டாக்டர் தம்பிதான், "தூக்கமில்லம்மா, பயம்" என்று சொன்னார். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை எதைக் கண்டு கேட்டுப் பழகுகிறதோ அதுதான் குட்டிக்கு ஊரும் உலகமும். இது கண்டதெல்லாம் லாரி டயரும் ஹாரன் சத்தமும். "நேராப் பாக்காதீங்க. மேல குனிஞ்சு தலையில கை வைக்காதீங்க. முதுகைக் காட்டி உக்காந்து எதையாவது பேசிக்கிட்டு இருங்க, அதுவா வரட்டும்" என்றார்.

சுவரைப் பார்த்து என்னத்தைப் பேச? பேப்பரை எடுத்துவைத்துச் சத்தமாக வாசித்தேன். உங்கள் பேப்பரைத்தான் ஐயா. தலையங்கம், தங்கம் விலை, ராசிபலன், கண்ணீர் அஞ்சலி, ஒன்று விடாமல். ஒரு கையில் பேப்பர். பின்னால் நீட்டிய மறு கையில் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. பதினாறாம் நாள் சவரன் விலை வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கையில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. நான் திரும்பவில்லை. சவரன் விலையை இன்னொரு தரம் வாசித்தேன்.

ஆக, உங்கள் தலையங்கத்தை ஒரு நாள் விடாமல் முழுதாகக் கேட்டு வளர்ந்த ஒரே ஜீவன் எங்கள் கொல்லையில்தான் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிடச் சொல்கிறீர்கள். நல்லது.

சோர்ந்து கிடக்கிற குட்டியை எடுக்காதீர்கள் என்று சொல்ல வந்து அப்படி எழுதிவிட்டார்களோ என்னவோ. அப்படியென்றால் அதையே எழுதியிருக்கலாம். தீனி எடுக்காமல், வாந்தியும் கழிச்சலுமாகச் சுருண்டு கிடந்தால் அது நோய். டாக்டரிடம் ஓட வேண்டும். நாம் தூரப் போனதும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி மூலைக்குப் போனால் அது கூச்சம். ஒரு குட்டியைக் கொல்லையில் புதைத்தவளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அரைப் பக்கம் எழுதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

வீடு தேடாமல் இல்லை. அரிசி ஆலைக்காரர் ஒருவர் காவலுக்கு என்று கொண்டுபோனார். நாலாம் நாள் காலையில் எங்கள் திண்ணையில் அரிசிச் சாக்கு ஒன்று, வாய் கட்டி இருந்தது. "குரைக்கவே மாட்டேங்குது ஆச்சி" என்றார். நாலு நாளும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம். நாலு நாளில் புது மருமகளே அடுப்படியில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்க மாட்டாள். அந்தச் சாக்கோடு பதினாறு நாள் உழைப்பும் போயிற்று, மறுபடி தலையங்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அப்புறம் கேரளத்துத் தென்மலைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர். நல்ல மனுஷர், இரண்டு தரம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, குட்டி எட்டிப் பார்க்கும்வரை பொறுமையாக இருந்தவர். ஆவணி பிறக்கட்டும் என்றார். அதற்குள் 2025 ஆகஸ்ட் 11 வந்தது. டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது தாங்கள் அறிந்ததே; முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். மறுநாள் போன்: "கோர்ட்டே பிடிச்சுக் கொண்டுபோகச் சொல்லியாச்சல்லோ அம்மா, இனி வேண்டா." பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22-ல், மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறி பிடித்ததையும் ஆளைப் பாய்வதையும் மட்டும் விடக்கூடாது. பிரியப்பட்டவர் தத்தெடுக்கலாம், ஆனால் எடுத்ததைத் திரும்பத் தெருவில் விடக்கூடாது. இதைப் போட்டீர்களா? போட்டீர்கள், ஒன்பதாம் பக்கம், ஜவுளி விளம்பரத்துக்கு அடியில் நாலு விரல் அகலத்தில். குட்டிக்கு வாசித்துக் காட்டியவள் நான், எனக்குப் பக்கம்கூட ஞாபகம் இருக்கிறது. தென்மலைக்காரர் ஒன்பதாம் பக்கம் வரை வரவில்லை.

உங்கள் பேப்பரோடு எனக்கு வருத்தம் இது முதல் தரமில்லை. முன்பொரு முறை எங்கள் ஊர்ச் செய்திக்கு டெல்லிச் செங்கோட்டைப் படத்தைப் போட்டீர்கள். திருத்தம் கேட்டுக் கார்டு எழுதினேன், பதிலில்லை. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஊர் இது. எனக்கு அப்போது வயசு இரண்டு. மாநிலம் மாறி 69 வருஷம் ஆகிறது, சென்னையில் இருப்பவர்களுக்கு நாங்கள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

நாய் விஷயத்திலும் அதே கதைதான். எல்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் குப்பைத்தொட்டி. அங்கிருந்து வருகிறவர்கள் எஸ் வளைவில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், இங்கிருந்து போகிறவர்கள் ஆரியங்காவு தாண்டி விட்டுவிட்டு வருகிறார்கள். இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். "அந்த லாரி கேரளாவுக்குப் போற லாரியாம்மா, வந்த லாரியா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். வந்த லாரி என்றால் அவர்கள் பொறுப்பில்லையாம். குட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வந்து பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன ஜாதி? இரண்டாவது, பெட்டையா? 2005 ஜனவரியில் தபால் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: இமயமலை ஆட்டுக்காவல் நாய், ராம்பூர், முதோல், நம் ராஜபாளையம். கிழித்து விற்றவள் நான். அந்த வரிசையில் தெருநாய்க்கு இடமில்லை, சரி. இது வெறும் நாட்டு நாய்தான். செம்மண் நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. பெட்டை என்றால் ஆறு மாதத்துக்கு மேல் கருத்தடை செய்துவிட்டால் குட்டி போடும் கவலை போயிற்று. செலவை நானே ஏற்கிறேன் என்றாலும் "பாத்துச் சொல்லுதோம் ஆச்சி" என்கிறார்கள். பார்த்துச் சொன்னவர் இன்றுவரை ஒருவருமில்லை.

அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கு 71 வயசு, அவருக்கு 76. நாட்டு நாய் நன்றாக வைத்துக்கொண்டால் 12, 13 வருஷம் இருக்கும். கூட்டிப் பாருங்கள். தை மாதம் அவருக்கு முட்டி ஆபரேஷன், மகள் வீட்டோடு மூன்று மாதம், நாலாம் மாடி. லிஃப்ட் கதவு திறக்கிற சத்தத்துக்கே இந்தக் குட்டிக்கு உயிர் போய்விடும்.

ஆகவே ஐயா, நான் கேட்பது மூன்று வரி. 'ஆறு மாதத்து நாட்டுப் பெட்டை நாய்க்குட்டி. கூச்ச சுபாவம், கடிக்காது. பார்வோ தடுப்பூசி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு அட்டை உண்டு. பகலெல்லாம் சங்கிலியில் கட்டாதவர்களுக்கு இலவசம்' என்று ஏதாவது ஒரு மூலையில் போடுங்கள். ஒன்பதாம் பக்கமானாலும் சரி. முதல் ஒரு மாதம் அதைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாத வீடாக இருக்க வேண்டும். நான் ஒரே ஒரு தரம் வந்து பார்ப்பேன். காப்பி எல்லாம் வேண்டாம். விளம்பரக் கட்டணம் உண்டென்றால் மணியார்டர் செய்கிறேன். சென்ற ஞாயிறு வந்த அந்த வரிக்குத் திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் மனசு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
செங்கோட்டை.

பின்குறிப்பு: படம் போடுவதாக இருந்தால் உறைக்குள் வைத்திருக்கிறேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வால் மட்டும்தான் தெரியும், அதையே போடுங்கள். லாப்ரடாரைப் போட்டுவிடாதீர்கள், டெல்லிக் கோட்டையையும்.