பாட்டில் கழுவ வந்த பையன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மா, அக்கா, குழந்தைகள் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீதான் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அதைக் காட்டி உன் அம்மாவுக்கு நான் என்ன சமாதானம் சொல்வது?

கடையில் கல்யாண வியாபாரம் பரவாயில்லை. மாமா விஷயம் பழைய கதைதான், அது கிடக்கட்டும்.

ராத்திரி தூக்கம் வராவிட்டால் இப்போதெல்லாம் இங்கிலாந்தில் நீ இருக்கிற ஷெஃபீல்டைப் பற்றித்தான் படிக்கிறேன். அக்கா மகன் போனில் எடுத்து வைத்துவிட்டுப் போகிறான். எவர்சில்வர் விற்றுத்தான் உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். அந்த எவர்சில்வருக்குத் தாய்வீடே உன் ஊர்தான் என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? 1913 ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஹாரி பிரியர்லி என்பவர் அங்கே உருக்கிய எஃகில் குரோமியம் 12.8 சதவீதம். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்கிறது என்று யாரோ கேட்டதற்காகச் செய்து பார்த்தாராம். அமிலம் ஊற்றினாலும் அரிக்கவில்லை. ஜெர்மனிக்காரர்களும் அதே சமயத்தில் இந்த மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார்கள், அது தனிக் கதை. இவர் இது கத்திக்கு ஆகும் என்றார். அந்த ஊர்க் கத்திக்காரர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கேலி செய்தார்கள். கடைசியில் கம்பெனியோடும் தகராறு. 1915-இல் வேலையை விட்டே போய்விட்டார்.

எனக்குப் பிடித்தது அது இல்லை. அவர் அப்பா உலையில் எஃகு உருக்கும் கூலிக்காரர். மகன் பன்னிரண்டு வயதில் எஃகுக் கம்பெனி சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவத்தான் சேர்ந்தான். ராத்திரியில் படித்து மேலே வந்தான். பாட்டில் கழுவியதை அவர் ஒளிக்கவில்லை, தன் கதையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். இதை உன் அம்மாவிடமும் சொன்னேன். எதற்குச் சொல்கிறீர்கள் என்றாள். சும்மாதான் என்றேன்.

போன தடவை பேசும்போது இருமினாய். பனி என்றாய். உன் ஊரில் கத்தி, முள்கரண்டி தீட்டியவர்கள் சாணைக்கல் தூசியைச் சுவாசித்தே செத்திருக்கிறார்கள். தண்ணீர் விடாமல் தீட்டியவர்களுக்குச் சராசரி ஆயுள் முப்பத்தைந்து வயதுகூட இல்லை என்று அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் கணக்குச் சொன்னார். பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு, இடுப்பில் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு பாலிஷ் போட்டிருக்கிறார்கள். நம் பட்டறைக்காரர் சம்சாரம் அப்படித்தானே நின்றது. உனக்குச் சாணைக்கல் இல்லை, தெரியும். ஆனாலும் ஆவி பிடி. மஃப்ளர் கட்டாமல் வெளியே போகாதே.

ஆற்றோரமாகவா ரூம் எடுத்திருக்கிறாய்? 1864 மார்ச் 11 ராத்திரி டேல் டைக் என்ற புது அணை, முதல் தடவை நிரப்பும்போதே உடைந்தது. ஜனங்கள் தூக்கத்தில் இருந்தார்கள். குறைந்தது 240 பேர் போனார்கள். லாக்ஸ்லி பள்ளத்தாக்கு வழியாக ஊருக்குள்ளேயே வந்துவிட்டது தண்ணீர். உன் அட்ரஸை மேப்பில் போட்டுப் பார்த்தேன், மேட்டில்தான் இருக்கிறது. ஏழு மலை ஊர் என்கிறார்கள். அவ்வளவு ஏற்றத்தில் ராத்திரி நடந்து வருகிறாயா, பஸ் உண்டா?

உன்னைப் பற்றி இங்கே பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலகத்திலேயே பழைய கால்பந்து கிளப் 1857-இல் ஆரம்பித்தது என் மகன் இருக்கிற ஊரில் என்று கடைக்கு வருகிறவர்களிடம் அளக்கிறேன். அங்கே ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் என்று ஒரு சாஸாமே, புளியும் கிராம்பும் போட்டது, மீன் கிடையாது. அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. சோற்றில் ஊற்றிக்கொள்வான் என்று நினைக்கிறாள். 1740-களில் அங்கே ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மூசையில், அதாவது உலைக்குள் வைக்கிற மண் குடுவையில், எஃகு உருக்கினார், உள்ளூர்க்காரர்கள் ரொம்பக் கடினம் என்று வாங்கவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய பிறகுதான் புத்தி வந்தது. மூசை எஃகு நம் பக்கத்தில் எத்தனையோ நூற்றாண்டு முன்பே உண்டு என்றதற்கு, உன் சித்தப்பா, இருந்து என்ன, பையனை அங்கேதானே அனுப்பினாய் என்றார். நான் பதில் சொல்லவில்லை.

லைப்ரரியில் இருக்கிறேன் என்று சொன்னாயே அன்றைக்கு, பின்னால் தட்டு அடுக்குகிற சத்தம் கேட்டது. பீங்கான் சத்தம் வேறு, எவர்சில்வர் சத்தம் வேறு. பெரிய அண்டாவைக் கவிழ்க்கிற சத்தம் இன்னும் வேறு. லைப்ரரிக்குள் காண்டீன் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. உனக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வாட்ஸ்அப் பார்த்ததாகவும் காட்டுகிறது. படிக்கிறவன் தூங்கவும் வேண்டும். வீடியோவில் கேமராவை அணைப்பதற்கு முன்னால் உன் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. குளிருக்கு அப்படி உரியாது தம்பி. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிற அம்மாக்களுக்கு அப்படி உரிந்து பார்த்திருக்கிறேன்.

பேங்க் தவணை இந்த மாதம் கட்டியாகிவிட்டது. அடுத்த மாதமும் நானே கட்டுகிறேன், வைகாசிப் பணம் கையில் இருக்கிறது. நீ அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பிப் போட்டுவிடுவேன். அதில் ஒரு நல்ல ரப்பர் கிளவுஸ் வாங்கிக்கொள், மெல்லிசு வாங்காதே, முழங்கை வரைக்கும் வருகிறது வாங்கு. மஃப்ளர் மறக்காதே.

நீ கூப்பிடுகிற நேரம் எதுவானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: படுக்கும்போது கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள் அம்மா. ஏன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை, குளிர் என்றே சொல்லியிருக்கிறேன். பேசும்போது நீயும் அதையே சொல்.