1729 வேண்டாம், இந்த எண்ணைச் சொல்லட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிசம்பர் 22 கணித தினத்துக்குச் சின்னவன் ராமானுஜன் பற்றிப் பேசணும், 1729 தவிர வேறு ஏதாவது சொல்லுங்கப்பா என்று கேட்டாய். நல்லவேளை கேட்டாய். அந்த டாக்ஸி நம்பர் கதையை வகுப்பில் பாதிப் பேர் சொல்லுவார்கள்.

6746328388800. நம் வழக்கப்படி 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு 10080 காரணிகள். இதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது. 12, 60, 120 எல்லாம் இதே வகைதான். இந்த வகை எண்களைப் பற்றி 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்து இதழில் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. அதில் கடைசியாக நிற்பது இதுதான். அந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. நான் பென்ஷன் வாங்குகிற இதே சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க்காக இருந்தவர்! (இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, உனக்குத் தெரியும்.)

சரி, 10080 எப்படி வந்தது? 2-ஐ ஆறு தடவை, 3-ஐ நாலு தடவை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. எல்லாவற்றையும் பெருக்கினால் இந்த எண். ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்றிலிருந்து ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. இப்படியே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2.

ஆறு, நாலு, இரண்டு, ஒன்று என்று இறங்குவது தற்செயல் இல்லை. 2-ஐ நாலு தடவையும் 3-ஐ ஆறு தடவையும் போட்டுப் பார்க்கச் சொல். காரணிகள் அதே 10080, ஆனால் எண் பெருத்துவிடும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4-உம் 36-உம் மட்டும் விலக்கு என்பதையும் அவரே நிரூபித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கினால் நேராகக் கடைசி எண்ணில் போய் நிற்கும்! விட்டுப்போனதைப் பிள்ளை மேடையில் சொல்லலாமா என்று மாப்பிள்ளை யோசிப்பார். தாராளமாகச் சொல்லட்டும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களைத் தேடிப் பிடித்தவர். ஒன்று தப்பியதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு வேலை என்று கேட்பவர்களுக்கு உறைக்கும்.

எண்ணை வாயால் சொல்ல வேண்டாம், திணறுவான், போர்டில் எழுதட்டும். 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது என்று சொல்லிக் கைதட்டு வாங்கட்டும். 29 மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா