புதுச்சேரியும் உங்கள் வழக்கே: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் பாகூரில் வசிக்கிறேன். புதுச்சேரி அரசுப் பணியில் பெரும்பகுதியை நிதிக் கோப்புகளோடு கழித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரிலிருந்து கடலூர் செல்லும் பேருந்து முள்ளோடையைத் தாண்டியதும் உங்கள் மாநிலம் வந்துவிடுகிறது. மொழி, உறவு, சந்தை, மருத்துவமனை எதிலும் அந்த எல்லைக்கோட்டை நாங்கள் உணர்வதில்லை. அரசாங்கத்திடம் போய் நிற்கும்போதுதான் உணர்கிறோம்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, பாகூர்ப் பகுதிக் கிராமங்களும் கடலூரின் தாழ்வான பகுதிகளும் ஒரே வெள்ளத்தில்தான் மூழ்கின. ஒரு கரையில் இருந்த அரசுக்கு, ஒன்றிய வரி வருவாயை மாநிலங்களோடு பகிரப் பரிந்துரைக்கும் நிதி ஆணையம் வகுத்துத் தந்த பேரிடர் நிதி உரிமையாக இருந்தது. மறுகரையில் இருந்த எங்கள் அரசுக்கு நிதி ஆணையத்தின் கணக்கிலேயே இடமில்லை. ஒன்றிய வரி வருவாயில் மாநிலங்களுக்குக் கிடைக்கும் 41 விழுக்காடு போதாது, 50 விழுக்காடு வேண்டும் என்று தமிழ்நாடு கேட்கிறது. அது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன். ஆனால் அந்த 41 விழுக்காட்டில் புதுச்சேரியின் பங்கு சுழியம் என்பதை உங்களில் எத்தனை பேர் அவையில் எடுத்துரைத்திருக்கிறீர்கள்?

நிதி ஆணையத்துக்கு அடிப்படையான அரசியலமைப்பின் 280ஆவது பிரிவு மாநிலங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது, புதுச்சேரி மாநிலம் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியானால் சரக்கு மற்றும் சேவை வரிக்கு மட்டும் நாங்கள் எப்படி மாநிலம் ஆனோம்? 2016ஆம் ஆண்டின் திருத்தம், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசத்தையும் அந்த வரிக்குரிய பிரிவுகளில் மாநிலமாகவே கொள்ள வேண்டும் என்று 366ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. விற்பனை வரி விதிக்கும் எங்கள் அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டியபோது நாங்கள் மாநிலம். ஒன்றியத் தொகுப்பிலிருந்து பங்கு பெற வேண்டியபோது யூனியன் பிரதேசம். இந்த முரண்பாட்டைக் கோப்புகளில் பார்த்துப் பார்த்தே என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகள் கழிந்தன. எங்கள் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கே குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். அது வந்து சேராமல், மார்ச் மாதத்தில் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி பெற்றுக்கொண்டு, முழுத் திட்டத்தை ஜூலையிலோ ஆகஸ்டிலோ தாக்கல் செய்த ஆண்டுகள் பல. ஐப்பசியில் மழை தொடங்கும் ஊரில், ஆவணியில் நிதி ஒதுக்கினால் வாய்க்கால் தூர்வாரும் வேலை எப்போது நடக்கும் என்பதை டெல்டாவை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பணத்தைவிடவும் என்னை வருத்துவது சட்டமன்றத்தின் நிலை. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டம், தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களோடு, மூவருக்கு மிகாமல் நியமிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. அந்த நியமனத்துக்குப் புதுச்சேரி அமைச்சரவையைக் கலந்தாலோசிக்க வேண்டியதில்லை, நியமிக்கப்பட்டவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பொருள் என்ன என்பதை 2021 பிப்ரவரி 22 அன்று கண்டோம். அடுத்தடுத்துப் பதவி விலகல்கள் நடந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் எஞ்சியவர்கள் 23 பேர். அவர்களில் பேரவைத் தலைவர் உட்பட ஆளும் அணியில் 12 பேர், எதிரணியில் 11 பேர். நியமன உறுப்பினர் மூவரையும் சேர்த்தபோது எதிரணி 14 ஆனது; அரசு கவிழ்ந்தது. கவிழ்ந்த அரசின் மீது எனக்குக் கடுமையான விமர்சனங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த அரசை அகற்றும் உரிமை எங்கள் வாக்குக்கு உரியது. நியமன உறுப்பினர்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உரிமை. அத்தேர்தலுக்குக் காட்டிய கண்ணியத்தை எங்கள் அமைச்சரவையின் ஆயுளுக்கும் காட்டக் கூடாதா?

உங்கள் மாநிலத்தில் ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்தபோது நீங்கள் அவைகளில் போராடினீர்கள், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு சென்றது. அங்கே ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்ற அடிப்படை இருப்பதால் வாதாட இடம் இருந்தது. எங்கள் நிலை வேறு. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விவகாரம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது நடைமுறையில் உள்துறை அமைச்சகத்துக்கு, போகும் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆவது பிரிவே சொல்கிறது. அவசரம் என்று கருதினால், முடிவு வரும் வரை துணைநிலை ஆளுநர் தாமாகவே செயல்படலாம். குடும்ப அட்டைதாரர்களுக்கு இலவச அரிசியாகக் கொடுப்பதா, அதற்கு ஈடான பணமாகக் கொடுப்பதா என்ற சர்ச்சையில் அமைச்சரவை அரிசி என்றது, துணைநிலை ஆளுநர் பணம் என்றார், உள்துறை அமைச்சகமும் பணம் என்றது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த முடிவில் தலையிடவில்லை. எங்கள் தெரு ரேஷன் கடை பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. அரிசியா பணமா என்பதில் நியாயமான இரு கருத்துகள் இருக்கலாம். பாகூர் வீட்டு அடுப்பில் எது வேக வேண்டும் என்ற கேள்விக்குப் புதுடெல்லியில் விடை எழுதப்பட்டது என்பதே என் வருத்தம்.

இது சிறிய பிரதேசத்தின் சிறிய குறை என்று நீங்கள் கடந்து போகக் கூடாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. புதுச்சேரிக்காக எழுதப்பட்ட சட்டம் புதுச்சேரியோடு நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் மாநிலம் பிரிக்கப்பட்டு யூனியன் பிரதேசமாகத் தாழ்த்தப்பட்டபோது, எங்களுக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் அமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 239அ பிரிவு அங்கும் பொருந்தும் என்று மறுசீரமைப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் ஒரு வரி எழுதினார்கள். அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. ஒரு மாநிலத்தை முழுமையாக யூனியன் பிரதேசமாக மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு 2023 டிசம்பர்த் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விடை கூறாமல் விட்டுவிட்டது. ஆகவே எங்கள் பிரதேசத்தை வார்த்த அச்சு இன்னும் பட்டறையில் தயாராகவே இருக்கிறது. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றிய தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மரபில் வந்தவர்கள், பக்கத்தில் இருக்கும் இந்த அச்சைக் கவனிக்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

1963ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா–டாமன்–டையூ, புதுச்சேரி ஆகிய ஐந்துக்கும் பொதுவாக எழுதப்பட்டது. இமாச்சலம் 1971இலும், மணிப்பூரும் திரிபுராவும் 1972இலும், கோவா 1987இலும் மாநிலங்களாயின. 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மக்கள்தொகை ஏறத்தாழ 12.48 லட்சம், சிக்கிமையும் மிசோரமையும் விட அதிகம். மாஹே கேரளத்தை ஒட்டியும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருப்பது நிர்வாகத்துக்குச் சிரமம்தான். ஆயினும் அந்தச் சிரமம் இன்றும் எங்கள் தலைமைச் செயலகத்தின் தோளில்தான் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் முடிவில், 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 1956ஆம் ஆண்டு பிரான்சோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு, எங்கள் நிர்வாக நிலையில் பின்னர் செய்யப்படும் அரசியலமைப்பு மாற்றம் எதுவும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்பட வேண்டும் என்கிறது. மாநில அந்தஸ்து கேட்டு எங்கள் சட்டமன்றம் பத்து முறைக்கும் மேல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. விருப்பம் தெரிவிக்க இதைவிட வேறு வழி எங்களிடம் இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. உள்ளாட்சித் தேர்தல் இங்கே 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது; அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் நடத்தப்படவில்லை. டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் எங்கள் தலைவர்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு அதைத் தர மறுத்துவருகிறார்கள். அதற்காக அவர்களிடம் நாங்கள் போராடுவோம். அது எங்கள் கடமை.

உங்களிடம் கேட்பது வேறு. மாநிலமாக்கும் மசோதாவை அவையில் அறிமுகம் செய்யவே குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும் என்பதை அறிவேன். அதற்குக் காலம் ஆகலாம். ஆனால் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது அரசியலமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது என்று 239அ பிரிவே கூறுவதால், சாதாரணப் பெரும்பான்மை போதும். நியமனம் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும், நியமன உறுப்பினர்கள் நம்பிக்கை வாக்கெடுப்பில் வாக்களிக்கக் கூடாது, 44ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்படும் விவகாரத்துக்குக் காலவரம்பு வேண்டும் என்ற அளவிலேனும் ஒரு தனிநபர் மசோதாவை உங்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தொடரில் கொண்டுவர வேண்டும். கட்சி வேறுபாடு பாராமல் மற்றவர்கள் அதை ஆதரித்துப் பேச வேண்டும். அப்படி முன்வருபவருக்கு, நான் பல ஆண்டுகளாகத் திரட்டி வைத்திருக்கும் தீர்ப்புகளையும் சட்டமன்றத் தீர்மானங்களையும் எடுத்துக்கொண்டு கடலூருக்கோ சென்னைக்கோ நேரில் வந்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
பாகூர், புதுச்சேரி