காலாண்டு முடிகிறது: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டிகளில் கபடியிலும் கோகோவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, அறிவியல் கண்காட்சி எல்லாம் சிறப்பாக நடந்தன. பங்கெடுத்த அனைவருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கைக்கு வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மாலை நம் கேட் முன்னால் நடந்த விபத்தை உங்களில் பலர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். பார்த்தீர்கள் என்பதே எனக்கு முதல் வருத்தம்.

ஒரு பெற்றோரின் கார் திரும்பும்போது இன்னொரு பெற்றோரின் ஸ்கூட்டரில் இடித்துவிட்டது. நான் ஓடி வந்தபோது காரைச் சுற்றி முப்பது பேர், யார் மேல் தப்பு என்று ஒரே சத்தம். விழுந்த நான்காம் வகுப்புப் பிள்ளை சுவரோரம், ஒரு காலில் மட்டும் ஷூவோடு, முழங்கால் ரத்தத்தை டிபன் டப்பா மூடியால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா திட்டுவார் என்று பயமாம். அவள் பக்கத்தில் இருந்தது கேட் எதிரே மாங்காய் விற்கும் அம்மா மட்டும்தான். முந்தானையால் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தார்.

கார் ஓட்டியவர், கூட்டம் பானெட்டில் அடித்ததும் பயந்து கிளம்பிவிட்டார். மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, “நான் என்ன செஞ்சிருக்கணும் டீச்சர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். பம்பரை அப்புறம் பார்க்கலாம், ஆளைப் பாருங்கள். அடிபட்டிருந்தால் 108. நான்குவழிச்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணும் உண்டு. தலையிலோ கழுத்திலோ அடி என்று சந்தேகம் இருந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். நம்மூர் வழக்கப்படி உடனே சோடா உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போன பிள்ளை ராத்திரி வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, குறிப்பிட்ட தொகை வரை, தமிழ்நாடு அரசே ஏற்கிறது. பெரியாஸ்பத்திரி மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை என்கிறது. கூட்டம் அடித்துவிடும் என்பது போன்ற, ஓட்டியவரின் கையை மீறிய நிலைமைக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் பக்கத்துக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஆக, ஓட்டுநரை மிரட்டும் கூட்டம் அடிபட்டவருக்குத்தான் கெடுதல் செய்கிறது.

வீடியோ எடுத்த கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வண்டிகள் நின்ற நிலை, நம்பர் பிளேட், சாலை, இவற்றைப் படம் எடுத்துவிட்டு வண்டிகளை ஓரம் கட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே சொல்லிவிடுங்கள். கம்பெனி அனுப்பும் சர்வேயர் சேதத்தைப் பார்ப்பதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துவிட்டால் பணம் வாங்குவது பெரும்பாடு. வெறும் கீறல் என்றால் பேசித் தீர்ப்பது உங்கள் விருப்பம். ஆளுக்கு அடி என்றால் நடுரோட்டில் ஐயாயிரத்தைக் கையில் திணித்து முடிக்காதீர்கள், வாங்குகிறவரும் வாங்காதீர்கள்.

இனி இரண்டு விஷயம், கண்டிப்பாகவே சொல்கிறேன். அழுகிற பிள்ளையின் முகம் தெரியும் அந்த வீடியோவை வகுப்புக் குழுக்களில் பரப்பியவர்கள் இன்றே அழித்துவிட வேண்டும். அடுத்து, லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் வண்டிச் சாவி கொடுப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பள்ளி திறந்த பிறகு அப்படி வரும் வண்டியின் சாவி என் மேசையில் இருக்கும். நீங்கள் நேரில் வந்துதான் வாங்க வேண்டும்.

குறை சொல்ல மட்டுமே எழுதியதாக நினைத்துவிடாதீர்கள். கார் ஓட்டிய பெற்றோர் எனக்குப் போன் செய்த அன்று காலையே காவல் நிலையத்துக்கும், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போய் வந்தார். பிள்ளை கட்டுப் போட்ட காலோடு கணக்குப் பரீட்சை எழுதினாள். மாலையில் கேட் அருகே நின்று ஒழுங்குபடுத்த முன்வந்திருக்கும் பெற்றோருக்கு நன்றி. மாங்காய் விற்கும் அம்மாவுக்கும் நன்றி. “போலீஸ் கேஸ்னு என்னால அலைய முடியாது டீச்சர்” என்று தயங்கினார். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது, அதற்கும் சட்டம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சாக்கடையோரம் கிடந்த இன்னொரு ஷூவைத் தேடி எடுத்து, கழுவிக் காயவைத்துக் கொடுத்த நம் வாட்ச்மேனுக்கும் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்