இருபத்தேழு

அன்புள்ள மகளுக்கு,

வரும் புதன்கிழமை உனக்கு 27 வயது நிறைகிறது. நேற்றுக் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னபோது அர்ச்சகர் வழக்கம்போல நட்சத்திரத்தைக் கேட்டார். ரோகிணி என்று சொல்லிவிட்டு, நட்சத்திரங்களும் 27தானே என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன். கணக்கு வாத்தியாராகவே காலம் கழித்தவனுக்கு ஓர் எண் கையில் கிடைத்தால் அதை எளிதில் கீழே வைக்க மனம் வராது என்பது உனக்குத் தெரியும்.

நட்சத்திரங்கள் 27 ஆனதற்குக் காரணம் உண்டு. விண்மீன்களை வைத்துப் பார்த்தால், நிலா பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகின்றன. ஆகவே அதன் பாதையின் 360 பாகைகளை 27 ஆகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை (60 கலை சேர்ந்தது ஒரு பாகை) என்று அளந்து, நாளுக்கொரு வீடாக ஒதுக்கிவிட்டார்கள். அப்படியானால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏன் இருபத்தொன்பதரை நாட்கள் ஆகின்றன என்று நீ எட்டாம் வகுப்பில் கேட்டாய். அன்று நான் சரியாக விளக்கவில்லை. நிலா ஒரு சுற்றை முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் 27 பாகை நகர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியை எட்டிப்பிடிக்க நிலாவுக்கு இன்னும் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் தேவைப்படுகிறது.

நீ இருக்கும் பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்திலும் 27 நாடுகள்தாம். ஆனால் 2013இல் குரோவேசியா சேர்ந்தபோது அது 28 ஆயிற்று. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியதால் மீண்டும் 27 ஆயிற்று. நாளையே மாறக்கூடிய எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை.

என்னைத் தடுமாற வைத்தது வேறொன்று. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என்று ஒரு கையின் 27 எலும்புகளையும், இயன்முறை மருத்துவம் படித்த நாட்களில், என் கையைப் பிடித்தே நீ ஒப்பிப்பாய். அதாவது விரல்களை விட்டால் 13, விரல்களில் 14. இயற்கையில் கிடைக்கும் அலுமினியத்தின் அணுநிறை எண்ணும் 27. அதன் கருவில் 13 புரோட்டான்கள், 14 நியூட்ரான்கள்! உன் அம்மா இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். முதலில் அடுப்பை அணைக்கச் சொன்னாள். எண் ஜோதிடர் எவரேனும் அறிந்தால் கொப்பரைக்கும் கைக்கும் பொருத்தமே பார்த்துவிடுவார். நிலாவின் 27க்கு இருப்பது போன்ற காரணம் இதற்கு இல்லை, வெறும் தற்செயல்தான்.

இரவில் தூக்கம் வராமல் பழைய விளையாட்டு ஒன்றை எடுத்தேன். எண் இரட்டைப்படையானால் பாதியாக்க வேண்டும். ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். கோலாட்ஸ் என்னும் ஜெர்மானியக் கணிதரின் பெயரால் வழங்கும் இக்கணக்கில் எந்த எண்ணும் முடிவில் ஒன்றில் வந்து நிற்கும் என்று நம்புகிறார்கள்; இன்றுவரை எவரும் நிறுவவில்லை. 26 பத்தே படிகளில் இறங்கிவிடுகிறது, 28க்குப் பதினெட்டுப் படிகள் போதும்; இடையில் நிற்கும் 27 மட்டும் 77ஆம் படியில் 9232 வரை ஏறி, 111 படிகள் கடந்த பிறகே ஒன்றை அடைகிறது. பென்சிலால் முழுவதையும் போட்டுப் பார்த்தேன். 23ஆம் படியில் 206 வந்தபோது சற்று நின்றுவிட்டேன். வளர்ந்த மனித உடலின் மொத்த எலும்புகள் அத்தனையே என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். இதற்கும் காரணம் ஏதுமில்லை என்று தெரிந்தே அதைச் சுற்றி வட்டமிட்டு, அந்தத் தாளை இந்த உறையிலேயே மடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா