பல்லாவரம் சந்தைப் பெரியவருக்கு நன்றி

சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பாத்திரக் கடையோரம் நின்று, பழைய சாமானை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்காமலேயே சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு நன்றி. பெயரைக் கூடச் சொல்லவில்லை நீங்கள்.

வார்ப்பிரும்பு தோசைக்கல்லைத் தொங்கவிட்டுத் தட்டச் சொன்னீர்கள். கணீரென்றால் எடுக்கலாம், பொத்தென்று அடங்கினால் விரிசல், அடுப்பில் சூடேறும்போது பிளந்துவிடும். மேல்துருவுக்குப் பயமில்லை. உப்புப் போட்டு நாரால் தேய்த்து, எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கிவிடலாம். ஆனால் நடுவில் குழிந்த கல் வேண்டாம், எண்ணெய் அங்கேயே தேங்கும்.

பித்தளைக்குக் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். ஒட்டாவிட்டாலும் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்க்கணும். வெள்ளையாகத் தெரிந்தால் அது பித்தளையே இல்லை. உள்ளே பூசிய ஈயம் (வெள்ளீயப் பூச்சு) தேய்ந்து போயிருந்தால் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. ஈயம் பூசும் கூலியைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்கணும் (இதை யாரும் சொல்வதில்லை!).

பழைய மிக்சியா? மேலே ஜார் உட்காரும் கப்ளரைக் கையால் ஆட்டணும். பக்கவாட்டில் ஆடினால் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்தாச்சு. கருகல் வாடை அடித்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) போச்சு, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பில் இல்லாத செல்போனைத் தொடவே கூடாது.

ஐயா, அடுத்த வெள்ளி காலை டீ எங்கள் கணக்கு.